சீமெந்து ஹோலுக்குப் பெட்டியில்லாத ஸ்பீக்கர்

தை, மாசி மாதங்களில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்க வடிவாக இருக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல்லு மூட்டைகளை ஹோலுக்குள் சுவரோரமாக அடுக்கியிருக்கும் காலம் அது. பங்குனிக் கடைசியில் மூட்டைகள் மில்லுக்குப் போய்விடும். அன்றைக்குப் பின்னேரமே அதே ஸ்பீக்கரில் அதே பாட்டைப் போட்டால் கேட்கச் சகிக்காது. தவிலின் ஒவ்வோர் அடியும் அடுத்த அடியின் மேல் போய் விழும். நாதஸ்வரம் காதைக் குத்தும். இரண்டு வருடமாக நான் ஸ்பீக்கரைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிழை அறையில் இருக்கிறது என்பதை அந்த மூட்டைகள்தான் எனக்குக் காட்டித் தந்தன.

வன்னியில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழுந்த வீட்டுத்திட்ட வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 550 சதுர அடியளவில் ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி, முன்னால் ஒரு சின்ன விறாந்தை. சீமெந்துக் கல் சுவர், அதன்மேல் பூச்சு, சீமெந்து நிலம், மேலே ஓடு அல்லது தகரம். சீலிங் அடிக்கும் வசதி எல்லோருக்கும் வந்துவிடவில்லை. உள்ளே நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு ரீவி மேசை. சத்தத்தை உறிஞ்ச அங்கே ஒன்றுமே கிடையாது. நடு ஹோலில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் 'டர்ர்ர்' என்று ஒன்று ஓடும். எதிரெதிர்ச் சுவர் இரண்டும் சத்தத்தைப் பந்துபோல மாறி மாறி எறிந்து பிடிக்கின்றன. பாட்டுப் போடும்போதும் இதேதான் நடக்கிறது.

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் இப்படி ஒரு மண்டபம் வந்து சேர்ந்தது. அங்கே விரிவுரை செய்பவர் சொல்வது யாருக்கும் விளங்குவதில்லை. சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் காவிக்கொண்டு வந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் சத்தம் அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார். மெத்தை இல்லாத வெறும் மண்டபத்தில் அது 5 விநாடிக்கு மேல் எடுத்தது. எங்கள் மூட்டைகள் செய்த வேலையைத்தான் அந்த மெத்தைகளும் செய்தன. சத்தத்தை உறிஞ்சுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த யன்னல். அதன் வழியே வெளியே போகிற சத்தம் திரும்பி வராது அல்லவா? சத்தம் அடங்கும் நேரத்தைக் கணக்கிட அவர் ஒரு சூத்திரமும் தந்தார். 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயரமான வெறும் சீமெந்து அறையொன்றை அதில் போட்டால் 2 விநாடிக்கு மேல் விடை வரும். 3 அடிக்கு 7 அடிக் கதவு ஒன்றைத் திறந்துவிட்டால் அது ஏறத்தாழப் பாதியாகிவிடும். பாட்டுக் கேட்க அரை விநாடிக்குக் கிட்ட இருந்தால் நல்லது.

ஆகவே ஸ்பீக்கர் வாங்க முன்னர் கதவு யன்னலைத் திறவுங்கள், தடித்த திரைச்சீலை போடுங்கள், நிலத்தில் பாய்க்கு மேலே ஒரு பழைய மெத்தையை விரியுங்கள். இதற்குப் பிறகும் அறை முரண்டு பிடித்தால், சுவர்ப்பக்கம் சத்தத்தைக் குறைவாக அனுப்பும் ஒரு ஸ்பீக்கரைத் தேடலாம். பின்னால் பெட்டி இல்லாத ஓப்பன் பாஃபிள் ஸ்பீக்கர் அந்த வகை.

சுளகும் பலகையும்

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கத்தில் காற்றை இழுக்கிறது. பின்னால் போகும்போது நேர்மாறு. ஆக, முன்னால் ஒரு சத்தமும் பின்னால் அதற்கு எதிரான இன்னொரு சத்தமும் எப்போதும் ஒன்றாகவே பிறக்கின்றன. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

ஒரு சுளகை எடுத்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். காற்று விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் ஓடிவிடும், முகத்தில் ஒன்றும் படாது. அதையே விசுக்கென்று வீசினால், சுற்றி ஓடக் காற்றுக்கு நேரம் கிடைக்காது. முகத்தில் வந்து அடிக்கும். தாழ்ந்த சத்தம், அதாவது பேஸ், மெதுவான ஆட்டம். அது விளிம்பைச் சுற்றிப் பின்னால் போய் அழிந்துவிடும். கீச்சென்ற சத்தம் வேகமான ஆட்டம். அது தப்பிவிடும்.

இதைக் காதால் கேட்க ஒரு பழைய ரீவியில் இருந்து கழற்றிய 4 அங்குல ஸ்பீக்கர் போதும். சின்ன அம்பிளிபயர் ஒன்றில் கொழுவிக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டைப் போடுங்கள். தகர டப்பாவுக்குள் ஈ பறப்பதுபோல இருக்கும். இனி ஒரு பெரிய காட்போட் அட்டையின் நடுவில் அதே அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, ஸ்பீக்கரை அதில் ஒட்டிப் பிடியுங்கள். திடீரென்று மிருதங்கத்தின் இடந்தலை வந்து நிற்கும், குரலுக்கு நெஞ்சு முளைக்கும். அட்டை தானாக ஒரு சத்தமும் போடவில்லை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சந்திக்கும் பாதையை நீட்டிவிட்டது, அவ்வளவுதான். இந்த அட்டைக்குப் பெயர்தான் பாஃபிள். பின்னால் பெட்டி அடிக்காமல் திறந்தபடி விட்டால் ஓப்பன் பாஃபிள்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இலங்கை வானொலி கேட்ட அந்தக் காலத்து வால்வ் றேடியோக்களைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக ஓர் அட்டை மட்டும்தான் இருக்கும். சூடு வெளியேறவும் வேண்டும், சத்தமும் வெளியேறும். அந்த றேடியோக்களில் குரல் அவ்வளவு இயல்பாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வழமையான ஸ்பீக்கரில் பின்சத்தத்தைப் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். பேஸ் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு விலை கொடுக்க வேண்டும். அடைபட்ட சத்தம் பெட்டியை அதிரவைத்துக் கூம்பு வழியாகவும் கசியும். பெட்டி மட்டமானதாக இருந்தால் குரல் மூக்கடைத்ததுபோல வரும். எங்கள் ஹோலுக்கு மற்றதுதான் பெரிய பிரச்சினை. தாழ்ந்த சத்தத்திலும் நடுச் சத்தத்தின் கீழ்ப் பகுதியிலும் பெட்டி ஸ்பீக்கர் கிட்டத்தட்ட எல்லாத் திசைக்கும் ஒரே அளவில் சத்தத்தை அனுப்புகிறது. முன்னுக்கு எவ்வளவோ, அவ்வளவு பக்கச் சுவருக்கும் தகரத்துக்கும் நிலத்துக்கும் போகிறது.

முற்றத்தில் ஒரு சோதனை

சித்தப்பாவின் மகன் ஒருநாள் வந்து, "பின்பக்கம் மூடாட்டிச் சத்தம் எல்லாம் வீணாப் போகாதே அண்ணை?" என்று கேட்டான். வாயால் விளக்குவதைவிடக் காட்டுவது நல்லது என்று, 8 அங்குல ஸ்பீக்கர் பூட்டிய பலகையை முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே கொண்டுபோய் ஒரு வாங்கில் நிமிர்த்தி வைத்தோம். சுவர் கிட்ட இல்லாத இடம்தான் இதற்குச் சரி. ஒருவர் கதைத்துப் பதிந்த குரலைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கரைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொன்னேன். நேர் முன்னால் குரல் தெளிவாக இருந்தது. சரிவாகப் போகப் போகக் குறைந்தது. பலகையின் விளிம்பு அவன் மூக்குக்கு நேராக வந்த இடத்தில் குரல் மெலிந்து, எங்கோ தூரத்தில் யாரோ கதைப்பதுபோல ஆனது. அவன் நின்று, ஓர் அடி முன்னால் வைத்தான், திரும்ப ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னும் நடந்து பின்பக்கம் போனதும் குரல் பழையபடி முழுதாக வந்தது.

எட்டு என்ற இலக்கத்தை 8 என்று எழுதிப் படுக்கவையுங்கள். ஒரு வளையம் முன்னால், ஒரு வளையம் பின்னால், நடுவில் இடுக்கு. ஓப்பன் பாஃபிள் சத்தத்தை வீசும் வடிவம் அதுதான். நேர் முன்னால் இருந்து 60 பாகை விலகினால் சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும், 90 பாகையில் ஏறக்குறைய இல்லாமலே போகும். பக்கங்களில் மட்டுமல்ல, மேலேயும் கீழேயும் அப்படித்தான். தகரக் கூரை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேட்பவரின் காதில் ஒரே அளவு சத்தம் விழவைக்க, எல்லாத் திசைக்கும் வீசும் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் இந்த எட்டு வடிவம் அறைக்குள் விடுகிற சக்தி மூன்றில் ஒரு பங்குதான். டெசிபலில் சொன்னால் 4.8 குறைவு. இன்னொரு விதமாகச் சொன்னால், பெட்டி ஸ்பீக்கரை 6 அடியில் இருந்து கேட்டால் கிடைக்கும் தெளிவு, இதில் 10 அடியிலும் கிடைக்கும். உச்சச் சத்தத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அங்கே பெட்டி ஸ்பீக்கரும் முன்னால்தான் வீசும். 100 ஹேர்ட்ஸில் இருந்து 1000 ஹேர்ட்ஸ் வரையான (ஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு எத்தனை ஆட்டம் என்ற கணக்கு) பகுதியில்தான் பெரிய வித்தியாசம். ஆண்குரலின் கனமும் தவிலின் உடம்பும் இருக்கிற பகுதி அது. வெறும் ஹோலில் குழம்பிப்போவதும் அதே பகுதிதான்.

அறையே சேர்ந்து முழங்கும் 'கும்' சத்தமும் ஓரளவு அடங்கும். 10 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவருக்கு நடுவில் சுமார் 57 ஹேர்ட்ஸில் அறை தானாக முழங்கும். அறையின் நீளம் பார்த்து நிற்கும் ஓப்பன் பாஃபிள், குறுக்குச் சுவர்களுக்கு இடையிலான இந்த முழக்கத்தை அதிகம் தட்டியெழுப்பாது. நீளவாக்கில் வரும் முழக்கத்தை எழுப்பும். அதற்கு இருக்கையை முன்பின் நகர்த்தித்தான் வழி காணவேண்டும்.

பின்சுவர் விட்டுக்கொடுக்காது

இந்த ஸ்பீக்கர் கேட்கிற முதல் விலை இடம். பின்பக்கம் போகிற சத்தம் பின்சுவரில் பட்டுத் திரும்பும். சுவருக்கு ஓரடி முன்னால் வைத்தால் அது உடனே திரும்பி வந்து முன்சத்தத்தோடு கலந்து குழப்பும். பெட்டி ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் கூடும் என்பது பலருக்கும் தெரியும். ஓப்பன் பாஃபிளில் அது தலைகீழ். பின்சத்தம் எதிரானது என்பதால் சுவருக்குக் கிட்டப் போகப் போகப் பேஸ் அழிந்துபோகும்.

ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்து, ஓரியன், எல்எக்ஸ்521 போன்ற திறந்த ஸ்பீக்கர்களை வடிவமைத்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் (1935–2018), சுவரில் இருந்து குறைந்தது 1 மீற்றர் இடைவெளி வேண்டும் என்றார். அந்தத் தூரத்தில் சுவரில் பட்டு வரும் சத்தம் சுமார் 6 மில்லிவிநாடி பிந்தி வருகிறது. அவ்வளவு பிந்தினால் காது அதை வேறாகப் பிரித்துவைத்துக்கொள்ளும், இசை குழம்பாது.

12 அடி நீளமான ஹோலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பின்சுவரில் இருந்து மூன்றரை அடியில் ஸ்பீக்கர், அங்கிருந்து 6 அடியில் கதிரை, கதிரைக்குப் பின்னால் இரண்டரை அடி. இடம் சரியாக முடிகிறது. பக்கச் சுவருக்கு ஒன்றரை அடி வரைக்கும் கிட்டப் போகலாம், அந்தத் திசையில் சத்தம் குறைவு. ஆனால் ஹோலின் நடுவில் மூன்றரை அடி முன்னுக்கு வந்து நிற்கும் இரண்டு பலகையை வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்களா? சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீடா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். கேட்காத நேரத்தில் சுவரோரம் தள்ளிவிடலாம் என்றால் அடியில் சில்லுப் பூட்டுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஓப்பன் பாஃபிள் வாங்க வேண்டாம். நல்ல சின்னப் பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் தடித்த திரைச்சீலையும் உங்களுக்கு அதைவிட நன்மை செய்யும். இதை நான் அழுத்தியே சொல்கிறேன், சுவரோடு ஒட்டிய ஓப்பன் பாஃபிளைக் கேட்டுவிட்டு இந்த வகையே கூடாது என்று முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வீடுகளில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வெக்கைக்காகக் கதவு யன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கும். வாசற்கதவுப் பக்கம் முதுகு காட்டி ஸ்பீக்கரை வைத்தால் பின்சத்தத்தில் ஒரு பகுதி விறாந்தையால் முற்றத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. அயலவர்களுக்கும் கேட்கும் என்பதால் இரவில் வேண்டாம்.

பலகையும் ஸ்பீக்கரும்

அடுத்த விலை பேஸ். வட்டமான பலகை என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், 50 சென்ரிமீற்றர் அகலப் பலகையில் சுமார் 230 ஹேர்ட்ஸுக்குக் கீழே சத்தம் குறையத் தொடங்கும். அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போகும். 115இல் 6, 58இல் 12. நிலத்தில் நிற்கும் பலகைக்கு நிலமும் கொஞ்சம் கைகொடுக்கும் என்றாலும் போக்கு இதுதான். பலகையை அகலமாக்கியே இதைச் சரிக்கட்டுவது என்றால், 50 ஹேர்ட்ஸ் வரைக்கும் போக 2 மீற்றருக்கு மேல் அகலம் வேண்டும். அம்பிளிபயரில் பேஸைக் கூட்டி 12 டெசிபலை மீட்கப் போனால் 16 மடங்கு சக்தி வேண்டும், கூம்பும் அதற்கேற்பத் தூரம் அசைய வேண்டும். சின்னக் கூம்பு அதற்குள் கிழிந்துவிடும்.

அதனால்தான் இந்த வகையில் 12 அங்குலம், 15 அங்குலம் என்று பெரிய வூஃபர்களை, அதாவது பேஸுக்கான ஸ்பீக்கர்களைப் பார்ப்பீர்கள். பெரியது என்பதற்காக எதையும் வாங்கிவிடவும் கூடாது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் கியூ.டி.எஸ் என்று ஓர் எண் இருக்கும். கூம்பை அதன் காந்தமும் கட்டமைப்பும் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்பதை அது சொல்கிறது. 0.3 அளவில் இருந்தால் இறுக்கம் கூட. துளை வைத்த பெட்டிக்கு நல்லது. திறந்த பலகைக்கு 0.6இல் இருந்து 1 வரை பாருங்கள். நான் முதன்முதலில் பூட்டியது மேடைப் பெட்டிக்குச் செய்த 12 அங்குல வூஃபர். பெரிய காந்தம், நல்ல சாமான், எண் 0.3. பலகையில் பூட்டியதும் பேஸ் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. மூன்று நாள் வயரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை முதலிலேயே பார்த்திருந்தால் காசும் நேரமும் மிஞ்சியிருக்கும்.

முதன்முறை செய்பவருக்கு நான் சொல்லும் வழி: பேஸ் முதல் கீச்சு வரை தானே பாடும் 8 அங்குல முழுவீச்சு ஸ்பீக்கர் ஒவ்வொன்றை ஒவ்வொரு பலகையில் பூட்டி, 120 ஹேர்ட்ஸுக்கு மேலே அதைப் பாட விடுங்கள். அதற்குக் கீழே அடைத்த பெட்டியில் ஒரு சின்ன சப்வூஃபர், அதாவது பேஸ் மட்டும் பாடும் ஸ்பீக்கர், வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பேஸின் சுத்தம் இதில் முழுதாகக் கிடைக்காதுதான். ஆனால் பலகை ஒடுக்கமாக இருக்கும், காசு கட்டுப்படும், குரலுக்கும் தவிலுக்கும் வேண்டிய நடுப்பகுதி முழுக்கத் திறந்த வகையிலேயே கிடைக்கும். சப்வூஃபரை மூலையில் வைக்காதீர்கள், வீடே முழங்கும். தகரக் கூரை என்றால் தளர்ந்த ஆணியெல்லாம் சேர்ந்து பாடும்.

செய்து முடித்ததை வாங்குபவர், விவரத்தாளில் சுவரில் இருந்து எவ்வளவு தூரம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களா, பேஸைச் சரிசெய்யும் சாதனம் கூட வருகிறதா என்பதைப் பார்த்தால் போதும். பக்கம் பக்கமாக இருக்கும் மற்ற வர்ணனைகளுக்கு மயங்க வேண்டாம்.

பலகைக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட் நல்லது. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மாரி ஈரத்தில் ஊதிவிடும். பாலை, முதிரை ஒற்றைப் பலகை அழகுதான், ஆனால் அகலமான துண்டு காலப்போக்கில் வளையும், பாரமும் கூட. தச்சு வேலை செய்பவரிடம் கொடுத்தால் வட்டம் வெட்டிக் கால் பூட்ட அரைநாள் வேலை. ஸ்பீக்கரைப் பலகையின் நடுமத்தியில் வைக்காமல் கொஞ்சம் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். எல்லா விளிம்பும் ஒரே தூரத்தில் இருந்தால் ஒரே இடத்தில் சத்தம் ஆழமாகக் குழி விழும். அடியில் றப்பர் துண்டு வைத்து, மாதம் ஒருமுறை கறையான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்பக்கம் திறந்திருப்பதால் கிரவல் றோட்டுத் தூசியும் பல்லியும் உள்ளே போகும். குளவி காந்தத்தின் மேல் மண்கூடு கட்டும், நான் ஒன்றைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். பழைய நுளம்புவலைத் துணியை இரண்டு மடிப்பாக்கிப் பின்னால் தொய்வில்லாமல் இழுத்து அடித்துவிடுங்கள். சத்தத்தை அது தடுக்காது.

வைத்த பிறகு சோதிக்க நான் போடுவது தவில் தனி ஆவர்த்தனம். தொப்பி என்கிற இடப்பக்கத்தில் கம்பால் அடிப்பதும் வலந்தலையில் விரற்கூடுகளால் வாசிப்பதும் வேகம் கூடும்போது தனித்தனியாகக் கேட்க வேண்டும். கலங்கினால் ஸ்பீக்கரை ஒரு சாண் முன்னுக்கு இழுங்கள். பிறகு பலகையை உள்ளுக்குக் கொஞ்சம் திருப்புங்கள், அதன் விளிம்பு பக்கச் சுவரின் எந்த இடத்தைப் பார்க்கிறதோ அங்கே சத்தம் குறையும். திரும்பக் கேளுங்கள். ஒரு பின்னேரம் முழுக்க இதற்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் வேண்டாம், தகரத்தில் மழை விழும்போது எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. தெளிந்த இடம் கிடைத்ததும் பலகையின் நாலு காலுக்கும் நிலத்தில் சோக்கட்டியால் அடையாளம் போட்டுவிடுங்கள். நாளைக்குக் கூட்டித் துடைக்கும்போது யாராவது நகர்த்தினாலும் திரும்ப அங்கேயே கொண்டுவந்து நிறுத்தலாம்.